பூரணம் மதினி கேட்ட விலை

காலையில் பேப்பர் வந்ததும் என் கணவர் விபத்துச் செய்திகளைத் தேடுவார். காவல்துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. நான் வணிகப் பக்கத்துக்குப் போவேன். தங்கம் விலைக்குக் கீழே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு செய்தி வரும். குன்னூர் தேயிலை ஏலம்: இந்த வாரம் எவ்வளவு வந்தது, எவ்வளவு விற்றது, தூள் ரகம் ஏறியதா, இலை ரகம் இறங்கியதா. சில வாரம் இருக்கும், சில வாரம் இருக்காது. இல்லாத வாரம் எனக்கு எதையோ வைத்த இடம் மறந்ததுபோல் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ஒரு தேயிலைச் செடியைப் பார்க்க முடியாது. "இன்னைக்கு எம்புட்டு மூட்டை எடுக்கப் போற?" என்று அவர் கேட்பார். நான் அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

போன வாரச் செய்தியில் வரத்து அதிகம், விற்பனை மந்தம் என்று இருந்தது. நல்ல நிறமுள்ள தூள்கூடக் கேட்க ஆளில்லாமல் திரும்பிப் போனதாம். அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுக் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். (ஆமாம், காபிதான். டீக் கம்பெனியில் அத்தனை வருஷம் மூச்சுவிட்டவளுக்குத் தனியாக டீ வேறு குடிக்க வேண்டுமா?) நல்ல நிறமிருந்தும் ஒரு சரக்கை யாரும் கேட்கவில்லை என்றால் அதில் ஏதோ இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள என் முதலாளி கொடுத்த விலை பெரியது. உங்களுக்கு நேரமிருந்தால் சொல்கிறேன்.

பி.காம். முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை ராஜபாளையத்தில், ஒரு டீத்தூள் மொத்த வியாபாரியிடம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறும்போது பால்கோவாக் கடைகளில் பால் காய்கிற வாசம் வரும். ராஜபாளையத்தில் இறங்கினால் பஞ்சும் மெஷின் எண்ணெயும் கலந்த மில் வாசம். கடைப்படி ஏறிவிட்டால் அந்த இரண்டும் போய்விடும், டீத்தூள் வாசம் மட்டும்தான். காய்ந்த வைக்கோலும் புது மரமும் சேர்ந்தாற்போல் இருக்கும் அது. அப்போதெல்லாம் தேயிலை மரப்பெட்டியில்தான் வரும். உள்ளே வெள்ளிபோல் மினுங்கும் தாள் ஒட்டியிருப்பார்கள். காலிப் பெட்டிக்கு ஊரில் ஏகக் கிராக்கி. எங்கள் வீட்டுக்கு நான் இரண்டு பெட்டி கொண்டு போனேன், ஒன்றில் அரிசி, இன்னொன்றில் துணிமணி. என் தம்பியின் பள்ளிக்கூடச் சட்டையில் டீ வாசம் அடிக்கிறது என்று அவனுடைய நண்பர்கள் அவனுக்கு ஒரு பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அவன் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

பட்டப்பெயர் என்றதும் முதலாளி ஞாபகம் வருகிறது. செல்லையா அண்ணாச்சிக்கு ஊரில் மூக்கு அண்ணாச்சி என்று பெயர், அவர் இல்லாத இடத்தில் மட்டும். மூக்கு கொஞ்சம் பெரிதுதான். ஆனால் பெயர் வந்தது அதனால் இல்லை. ஈரத் தேயிலைக்கு மேல் அந்த மூக்கைக் கொண்டுபோய் வைத்தார் என்றால், எந்த மலையில் விளைந்தது, மழைக்கு முன்னால் பறித்ததா பின்னால் பறித்ததா என்று சொல்லிவிடுவார். சத்திரப்பட்டியில் தொடங்கி சுந்தரபாண்டியம் வரை பல டீக்கடைகள் அவருடைய தூளைத்தான் வாங்கின. "அண்ணாச்சி தூளு" என்றே கேட்பார்கள். பாக்கெட்டில் அச்சடித்திருந்த பெயர் யாருக்கும் ஞாபகம் இருந்ததில்லை. எனக்கே இப்போது சட்டென்று வரமாட்டேன் என்கிறது.

அந்தத் தூள் வந்த வழி இப்படி. குன்னூரில் வாரம் ஒரு முறை ஏலம். மலையிலுள்ள பாக்டரிகளின் சரக்கெல்லாம் தரகர்கள் மூலமாக அங்கே வரும். ஏலத்துக்கு முன்னால் ஒவ்வொரு சரக்கிலும் ஒரு பிடியைப் பொட்டலம் கட்டி, மேலே நம்பர் போட்டு, வாங்குகிறவர்களுக்கு அனுப்பிவைப்பார்கள். கடையின் பின்னறையில் அண்ணாச்சி அடுப்பைப் பற்றவைத்து, டீக்கடையில் எப்படிப் போடுவார்களோ அப்படியே, துணிப்பையில் டிகாஷன் இறக்கிப் பாலும் ஊற்றி ஒவ்வொன்றாகப் பார்ப்பார். மோந்து, உறிஞ்சி, துப்பிவிட்டு, இதற்கு இவ்வளவுக்கு மேல் கேட்கக் கூடாது என்று சொல்வார். நான் ஏலப் பட்டியலில் அந்த நம்பருக்கு நேரே எழுதுவேன். அதை எடுத்துக்கொண்டு மதுரை பஸ் ஏறிவிடுவார். ஏல நாளன்று நான் போனைவிட்டு நகரக் கூடாது. மத்தியானம் கூப்பிட்டு எடுத்தது, விட்டது, சந்தை எப்படி என்று சொல்வார். நான் குடோனில் இடம் ஒதுக்கச் சொல்லுவேன். மலையில் மழை என்றால் அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

ஒரு ஐப்பசியில், தீபாவளி கழிந்த கையோடு, அண்ணாச்சி குடும்பத்தோடு மலையடிவாரத்து அய்யனார் கோவிலுக்குப் போனார். அங்கே அருவியில் நல்ல தண்ணீர். எல்லோரும் கரையேறி ஈரத்துணி பிழிந்த பிறகும் அவர் மட்டும் வெகுநேரம் நின்று குளித்தாராம். மறுநாள் சளி, அதற்கு மறுநாள் காய்ச்சல். படுக்கையைவிட்டு எழுந்து கடைக்கு வருவதற்கு நாளாகிவிட்டது. வந்தவர் இளைத்திருந்தார், பேச்சும் குறைந்திருந்தது. காய்ச்சல் கண்டவர்தானே, தேறிவிடுவார் என்று நான் நினைத்தேன்.

அன்றைக்கு மாதிரிப் பொட்டலங்கள் வந்திருந்தன. அண்ணாச்சி பின்னறையில் அடுப்பருகே நின்றார். நான் முன்னால் பில் எழுதிக்கொண்டிருந்தேன். பால் தீய்கிற நாற்றம் வந்தது. அவர்தான் பக்கத்தில் நிற்கிறாரே என்று முதலில் எழுந்திருக்கவில்லை. நாற்றம் அதிகமானதும் ஓடினேன். பால் பொங்கி வழிந்து, பாத்திரத்தின் அடி கருகிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பிடி தூளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுப்பை அணைத்த பிறகுதான் திரும்பினார். பாத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவராகவே, "யார்ட்டயும் சொல்லாத தாயி" என்றார்.

மதுரையில் டாக்டர் ஒருவர், நரம்பு விஷயம், திரும்பி வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று சொல்லியிருந்தார். நாக்கு போகவில்லை. துவர்ப்பு, கசப்பு, சூடு எல்லாம் தெரிந்தது. கண்ணுக்கு நிறம் தெரிந்தது. வாசம்தான் இல்லை. ஆனால் தேயிலையில் பாதி அதுதானே. டீக்கடைக்காரர்கள் காதுக்கு இது போனால் தூளை மாற்றிவிடுவார்கள். தரகர்களுக்குத் தெரிந்தால், ஏலக்கூடத்தில் அவர் கேட்கிற விலையைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். விஷயம் மூன்று பேருக்குள் நின்றது. அவர், நான், மூன்றாவது அவர் மனைவி பூரணம் மதினி.

மதினி சுந்தரபாண்டியத்தில் விவசாயக் குடும்பத்துப் பெண். வீடு கடைக்கு மேல் மாடியில்தான் என்றாலும், சாப்பாட்டுத் தூக்கை என் மேஜையில் வைத்துவிட்டு, "நல்லா இருக்கியாட்டி?" என்று கேட்பதோடு சரி, அதைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அந்த வாரம் வந்தவர் நேராகப் பின்னறைக்குப் போனார். அண்ணாச்சி கிண்ணங்களை வரிசையாக வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மதினி ஒவ்வொன்றாக மோந்து, குடித்தார். துப்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அத்தனையையும் குடித்துவிட்டார். ராத்திரி தூக்கமே வரவில்லை என்று மறுநாள் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

மதினியிடம் இரண்டே வார்த்தைதான். எடுக்கலாம், வேண்டாம். ஏன் என்று அண்ணாச்சி கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எடுக்கலாம் என்றால் நிறத்தையும் நாக்கில் ஏறும் கடுப்பையும் வைத்து அண்ணாச்சி விலை சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். தன் கிண்ணத்தில் இன்னொருவர் வாய் வைப்பதை அவர் கடைசிவரை திரும்பிப் பார்த்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் கடையும் ஒரு மின்கம்பமும்தான். அதைத்தான் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஆனால் வியாபாரம் விழவில்லை. உண்மையைச் சொன்னால் தூள் முன்னைவிட நன்றாகவே இருந்தது, எனக்கல்ல, ஊருக்கு. எனக்கு எல்லாக் கிண்ணமும் ஒரே கிண்ணம்தான். ஒருநாள் தென்காசி ரோட்டு டீக்கடைக்காரர் ஒருவர் கடைக்கு வந்து, அண்ணாச்சியின் மூக்குக்கு மட்டும் வயதாகவில்லை என்று என் எதிரிலேயே புகழ்ந்தார். அண்ணாச்சி சிரித்தார். அவர் போனதும் எழுந்து குடோனுக்குள் போனவர் சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. மதினி அனுப்பிய சாப்பாட்டையும் தொடவில்லை. மனுஷனைப் புகழ்ச்சி அப்படி அடிக்கும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

அதற்குப் பின் வந்த ஒரு ஏலத்தில்தான் அது நடந்தது. சந்தை மோசமான சமயம். வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த தேயிலை போகாமல் நின்றுவிட்டது, எல்லாமே ஏலத்துக்கு வந்து குவிகிறது என்று பேச்சு. வாரா வாரம் பாக்டரிகள் அனுப்பிய சரக்கு விற்காமல் திரும்பிக்கொண்டிருந்தது. மத்தியானம் போன் அடித்தது.

புதுப் பாக்டரி ஒன்றின் சரக்கு ஏலத்துக்கு வரப்போவதாக அண்ணாச்சி சொன்னார். தரகர் அறையில் தண்ணீரில் போட்டுப் பார்த்தாராம், ரத்தம்போல் இறங்குகிறதாம். கடுப்பும் இருக்கிறது. ஆனால் அந்த மாதிரியைக் குடித்துப் பார்த்த ஒருவரும் விலை பேசவில்லை, மலிவாகப் போய்விடும் என்றார். குரலில் பழைய வேகம் இருந்தது. அப்படி அவர் பேசிக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. நான் பட்டியலின் நகலைப் பார்த்தேன்.

"மதினி அத வேண்டாம்னுட்டாவ அண்ணாச்சி" என்றேன்.

"அவ ஏலக்கூடத்தப் பாத்திருக்காளா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அந்தப் பாக்டரியிலிருந்து எவ்வளவு வந்திருந்ததோ அவ்வளவையும் அவரே எடுத்துவிட்டார். லாரி வந்து பெட்டிகள் இறங்கும்போது மதினி மாடிப்படியில் வந்து நின்றார். ஒரு பெட்டியைப் பிரித்திருந்தார்கள். கீழே இறங்காமலே, "பொகை அடிக்கி" என்றார். பாக்டரியில் இலையைக் காயவைக்கும் அடுப்பில் எங்கோ ஓட்டை விழுந்து, விறகுப் புகை தூளில் ஏறியிருக்கிறது. ஏலக்கூடத்தில் இருந்த அத்தனை மூக்குக்கும் அது தெரிந்திருக்கிறது. அதனால்தான் ஒருவரும் கேட்கவில்லை. மலிவு விலையே அதைச் சொல்லியிருக்கிறது, அண்ணாச்சிதான் அதைச் சந்தை தூங்குகிறது என்று எடுத்துக்கொண்டார்.

கடைகளுக்கு இதைப் போட வேண்டாம் என்று மதினி சொன்னார். மற்ற தூளோடு கலந்தால் தெரியாது என்றார் அண்ணாச்சி. வேலையாட்கள் நின்றுகொண்டிருந்தார்கள், அவர்கள் முன்னால் அதற்கு மேல் பேச மதினிக்கு மனம் வரவில்லை. தூள் கலக்கப்பட்டது, வேன் கிளம்பியது. மறுநாளிலிருந்து சாப்பாட்டுத் தூக்கு வேறு ஆள் கையில் வந்தது. அடுத்த வாரம் வந்த மாதிரிப் பொட்டலங்கள் பிரிக்காமலே கிடந்தன. மேலே ஒருவர், கீழே ஒருவர். நடுவில் நான் ஒன்றும் தெரியாதவள்போல் பில் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆர்டர் குறைந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. மரியாதையில் ஒரு கெடுதல் உண்டு, அது வாயைக் கட்டிவிடும். இந்த வாரம் சரக்கு இருக்கு அண்ணாச்சி, அடுத்த வாரம் பாப்போம் என்பார்கள். கடைசியில் அவரே பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார். வசூல் பையோடு என்னையும் வரச்சொன்னார்.

மில் வாசலில் ராமய்யா என்பவர் கடை. ஷிப்ட் விடுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சங்கு ஊதியதும் தலையெல்லாம் பஞ்சாக ஆட்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ராமய்யா அண்ணாச்சிக்கென்று ஸ்பெஷலாக ஒரு டீ ஆற்றிக் கொடுத்தார். தூள் எப்படி என்று அண்ணாச்சி கேட்டதற்கு, ஒரு குறையும் இல்லை என்றார். ஆனால் பெஞ்சின் மேல் கண்ணாடி டம்ளர்கள் பாதி டீயோடு நின்றன. இன்னொரு ஆள் வந்தார், இரண்டு மடக்குக் குடித்தார், மீதியைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணாச்சி அவர் போகிற திசையையே பார்த்தார்.

அப்போது படுதாவுக்குப் பின்னால் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த ராமய்யாவின் மனைவி, வெளியே யார் நிற்கிறார் என்று தெரியாமல், உள்ளிருந்தபடியே தெலுங்கில் சொன்னார்: "பொக வாசன வஸ்துந்தி. அண்ணாச்சிகி தெலியதா?"

புகை வாசம் வருகிறது, அண்ணாச்சிக்குத் தெரியாதா என்று கேட்கிறார். வீட்டுக்கு வீடு தெலுங்கு புழங்கும் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு இதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. ராமய்யாவின் முகம் செத்துப்போனது. அண்ணாச்சி கையிலிருந்த டீயைச் சொட்டுவிடாமல் குடித்து முடித்தார். டம்ளரைத் தானே உள்ளே கொண்டுபோய் வைத்தார். வந்த வேனில் ஏறவில்லை. வெயிலில் கடைவரை நடந்தே வந்தார், நானும் பின்னால் நடந்தேன்.

நேராக மாடிக்குப் போனார். வசூல் பையை ஒப்படைக்க நானும் பின்னாலேயே ஏறிப்போய் வாசலில் நின்றேன். மதினி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியலட்டி" என்றார். "கலரு நல்லா இருந்துச்சு. பொகை எனக்குத் தெரியவே இல்ல."

மதினி கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியாதுன்னுதான நான் இருக்கேன்" என்றார்.

அண்ணாச்சி அழுதார். நான் பையை வாசலிலேயே வைத்துவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

மறுநாள் வேன் எல்லாக் கடைக்கும் போய்ப் போட்ட தூளைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தது. கலந்தது, கலக்காதது எல்லாவற்றையும் சுந்தரபாண்டியத்தில் மதினியின் தம்பியுடைய தென்னந்தோப்பில் உரத்தோடு போட்டார்கள். மழை பெய்தால் அந்தத் தோப்பு முழுக்கப் புகை வாசம் எழும்பும் என்று தம்பி கேலி செய்வார். திருப்பி எடுத்ததில் நஷ்டம் பெரிது. அதைவிடப் பெரிது, போன கடைகளில் பல திரும்பி வராதது. பெரிய பாக்கெட் கம்பெனிகள் அப்போதுதான் இந்தப் பக்கம் கால் வைத்திருந்தன. கடைக்குப் பெயர்ப்பலகை இனாம், டம்ளர் இனாம். நாங்கள் விட்ட இடத்தில் அவர்கள் நுழைந்துவிட்டார்கள்.

அடுத்த ஏலத்துக்கு அண்ணாச்சி தனியாகப் போகவில்லை. மதினியைக் கூட்டிக்கொண்டு போனார், மதினி துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டார். பட்டாளத்திலிருந்த மாமாவின் பச்சை ஸ்வெட்டரைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டேன், அது முழங்கால் வரை வந்தது. குன்னூரில் இறங்கியதும் எதிரே வந்த பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று என்னைப் பார்த்து சல்யூட் அடித்தது. மதினி அன்றெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பயத்தில்தான் அப்படிச் சிரித்தார் என்று பிறகு புரிந்தது.

ஏலக்கூடம் சினிமாத் தியேட்டர்போல் படிப்படியாக இருந்தது. எல்லா நாற்காலியிலும் ஆண்கள், எல்லார் மடியிலும் பட்டியல். மேடையில் ஏலம் விடுகிறவர் நம்பரைப் படிப்பார். நாலைந்து மூலையிலிருந்து விலை தெறிக்கும். சுத்தியல் ஒரு தட்டு, அடுத்த நம்பர். ஒரு மலைச்சரிவின் ஒரு மாத உழைப்பு நான் தும்மி முடிப்பதற்குள் கை மாறிவிடும். மதினி எங்கள் இருவருக்கும் நடுவில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டியலில் அவர் எடுக்கலாம் என்று சொன்ன நம்பர் வந்ததும் அண்ணாச்சி, "நீயே கேளு" என்றார்.

மதினி கேட்டார். பக்கத்திலிருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வேறு யாரோ சொன்ன விலைக்குச் சுத்தியல் மேலே போனது. அப்போது மதினி இன்னொரு தரம் கேட்டார் பாருங்கள். வயக்காட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கூப்பிடுகிற குரல் அது. கூடம் மொத்தமும் திரும்பியது. சுத்தியல் அந்தரத்தில் நின்றது. ஏலம் விடுகிறவர் மதினியை விட்டுவிட்டு அண்ணாச்சியைப் பார்த்தார்.

அண்ணாச்சி எழுந்தார். "எனக்கு மூக்கு போயிருச்சுங்க. இப்ப ருசி பாக்கது அவியதான். அவிய சொல்லுத வெலைதான் எங்க வெலை."

எனக்குத் தெரிந்து அண்ணாச்சி மதினியை "அவ" என்றுதான் சொல்வார். "அவிய" என்று மரியாதையாகச் சொல்லி அன்றுதான் கேட்டேன். மூக்கு போனதை அத்தனை பேர் முன்னால் சொன்னதைவிட அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையிலிருந்த வயதான வியாபாரி ஒருவர் தன் பட்டியலை மூடிவைத்து, தான் மேலே கேட்கப்போவதில்லை என்று கை காட்டினார். சுத்தியல் மதினியின் விலைக்கு இறங்கியது.

திரும்பும் வழியில் மேட்டுப்பாளையத்தில் பஸ் மாற நின்றோம். அண்ணாச்சி மூன்று டீ வாங்கினார். தன் டீயைக் குடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, "எப்படி இருக்கு?" என்று மதினியிடம் கேட்டார். காய்ச்சலுக்குப் பிறகு அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. மதினி அவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு சொன்னார், மழை நின்ன பொறவு வேலிப்பக்கம் போனா வருமே, அந்த வாசம் முதல்ல வருது, பொறவு லேசா வறுத்த கடலை, பால் கொஞ்சம் தண்ணியா இருக்கு. சொல்லச் சொல்ல அண்ணாச்சி ஒவ்வொரு மடக்காகக் குடித்தார். இரண்டே வார்த்தை பேசிய மதினிக்குள் இத்தனை வார்த்தை இருந்திருக்கிறது. பஸ் வந்துவிட்டது, நான்தான் ஓடிப்போய் இடம் பிடித்தேன்.

அதன் பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்தே போனார்கள், சேர்ந்தே வந்தார்கள். எந்த டீயும் மதினி சொல்லாமல் அண்ணாச்சி வாய்க்குள் போகாது. எனக்குக் கல்யாணமாகி, போலீஸ்காரர் மாற்றலோடு ஊர் ஊராகப் போய்விட்டேன். எப்போதாவது போன் பேசும்போது மதினி சந்தை நிலவரம்தான் முதலில் சொல்வார். குழந்தைகளைப் பற்றிக் கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மதினி அந்த நாற்காலியில் உட்கார்ந்த காலம் அதிகமில்லை. ஏலம் கம்ப்யூட்டருக்கு மாறியது. சுத்தியல் போனது, கூப்பாடு போனது. அவரவர் திரையில் அவரவர் விலையைத் தட்ட வேண்டியதுதான் என்றார்கள். அப்புறம் அதற்கும் மலையேற வேண்டாம், இருந்த இடத்திலிருந்தே போதும் என்றாகிவிட்டது. நியாயமான ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மதினி போனில், "குரலுக்கு வேலையில்லாம போச்சுட்டி" என்றார். காய்ச்சல் கண்ட அந்த வருஷமே அண்ணாச்சி கூட்டிக்கொண்டு போயிருந்தால் எத்தனை ஏலம் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். கடைகளும் ஒவ்வொன்றாகப் பாக்கெட்டுக்கு மாறிவிட்டன. மில்கள் சிலவற்றில் சங்கு நின்றது. மகன் பெங்களூரில் வேலைக்குப் போனான். வியாபாரத்தைத் தானாகவே சுருக்கிக்கொண்டு, ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பின்னறைச் சுவரை இடித்து ஒரே கூடமாக்கியிருக்கிறார்கள். ராஜபாளையத்தில் எந்தக் கடையில் குடித்தாலும் இன்றைக்கு ஒரே டீதான். நல்ல டீதான். இது யார் தூள் என்று யாரும் கேட்பதில்லை.

மதினி தூக்கத்திலேயே போய்விட்டார். நாங்கள் அப்போது வேலூர்ப் பக்கம் இருந்தோம், செய்தி வந்து சேர்ந்தபோது காரியம் எல்லாம் முடிந்திருந்தது. ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்த பிறகு, ராஜபாளையத்தில் மில்லுக்குப் பின்னாலுள்ள தெருவில், பெங்களூரிலிருந்து திரும்பிவிட்ட மகன் கட்டியிருக்கும் வீட்டுக்குப் போய் அண்ணாச்சியைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தார். ஏலம் பற்றி நான் பேச்செடுத்ததும் கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. போன வாரம் விற்றது எவ்வளவு என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

மருமகள் எனக்கு டீ கொண்டுவந்தாள், அவருக்கு வெறும் வெந்நீர். "மாமா டீய விட்டுட்டாவ. நான் எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன்" என்றாள். உடம்புக்கு எதுவும் வந்துவிட்டதா என்று நான் அண்ணாச்சியிடம் விசாரித்தேன்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல தாயி" என்றார். "சொல்லுததுக்கு ஆளில்ல. பொறவு எனக்கு அதும் வெந்நீருதான."

வெந்நீரை ஆற்றி, மெதுவாகக் குடித்தார். நான் என் டீயை அவர் பார்க்காத பக்கமாகத் திரும்பிக் குடித்து முடித்தேன்.